கூடத்துக்கு வந்த கடுவன் குட்டி

நாய் வாசலில் கிடந்த காலத்தில் அதன் உடல் செய்வதெல்லாம் தெருவின் காட்சியாக இருந்ததே தவிர வீட்டின் சிக்கலாக இருந்ததில்லை. தோட்டக் காவலுக்கும் முயல் வேட்டைக்கும் வளர்க்கப்பட்ட சிப்பிப்பாறையும் கன்னியும் கோம்பையும் களத்துமேட்டிலும் தொழுவத்தின் ஓரத்திலும் வளர்ந்தன. அவற்றுக்குச் சோறு வாசலில் வைக்கப்பட்டது. திண்ணையில் ஏறினால் விரட்டு விழுந்தது. அங்கே ஓர் ஆண் குட்டி இன்னொன்றின் முதுகில் ஏறினால் பெரியவர்கள் பார்த்தும் பாராததுபோல் நகர்ந்தார்கள், சிறுவர்கள் கல்லெறிந்தார்கள், அத்தோடு அது முடிந்தது. நகரத்து நடுத்தரக் குடும்பம் நாயை வாசற்படிக்கு உள்ளே அழைத்து, லாப்ரடாரும் பீகிளும் ஷிட்சூவும் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் தளத்தில் சோபாவில் படுத்துறங்கத் தொடங்கிய பிறகுதான், ஐந்து மாதக் கடுவன் குட்டி ஒன்று விருந்தாளியின் கெண்டைக்காலைக் கட்டிக்கொண்டு இடுப்பை ஆட்டுவது என்பது மருத்துவரிடம் தாழ்ந்த குரலில் கேட்கப்படும் கேள்வியாக மாறியது. கேட்பவர் பெரும்பாலும் அதற்கு ஒரு பெயர்கூடச் சொல்வதில்லை. ‘அது மாதிரி பண்ணுது’ என்று சொல்லி நிறுத்துவார், மருத்துவரும் புரிந்துகொள்வார்.

விலங்குகளின் நடத்தையை ஆராயும் துறையில் இதை ‘ஏறுதல்’ என்ற பொருள்படும் வெற்றுச் சொல்லால் குறிக்கிறார்கள். முன்னங்கால்களால் ஒன்றை இறுகப் பற்றிக்கொள்வது, அதன்மீது மார்பைச் சாய்ப்பது, இடுப்பை முன்னும் பின்னும் அசைப்பது ஆகிய மூன்றும் சேர்ந்ததே ஏறுதல். பற்றப்படுவது இன்னொரு நாயாக இருக்கலாம், மனிதக் காலாக, தலையணையாக, காற்றாகக்கூட இருக்கலாம். இந்த வெற்றுச் சொல்லில் ஒரு நன்மை உண்டு. என்ன நடக்கிறது என்பதை அது சொல்கிறது, ஏன் நடக்கிறது என்பதை முன்கூட்டியே முடிவுசெய்துவிடுவதில்லை. வீட்டாரோ ‘ஏன்’ என்பதற்கான விடையைக் கையில் வைத்துக்கொண்டுதான் குட்டியைப் பார்க்கிறார்கள். அந்த விடைகள் இரண்டே இரண்டு. ஒன்று, குட்டிக்குக் காமம் வந்துவிட்டது. மற்றது, குட்டி வீட்டில் தன் அதிகாரத்தை நிலைநாட்டப் பார்க்கிறது. முதல் விடை வெட்கத்தையும் இரண்டாவது கோபத்தையும் பிறப்பிக்கின்றன. வெட்கமும் கோபமும் குட்டியை எப்படி மேலும் ஏறச் செய்கின்றன என்பதே இந்தச் சிக்கலின் சுவாரசியமான பகுதி.

காமம் என்ற விளக்கம் முதலில் வயதில் இடறுகிறது. கண்திறந்து சில வாரங்களே ஆன குட்டிகள் ஒரே ஈற்றின் உடன்பிறப்புகள்மீது ஏறுவதைத் தாய்நாயும் குட்டிகளும் படுத்திருக்கும் எந்தச் சாக்குப்படுக்கையின் அருகில் அமர்ந்தும் காணலாம். ஆண் குட்டி பெண்மீதும், ஆண் ஆண்மீதும், பெண் குட்டிகள் கடுவன்கள்மீதும் ஏறுகின்றன. பின்புறம் என்றும் முன்புறம் என்றும் பாராமல் தலைப்பக்கத்தில் ஏறும் குட்டிகளும் உண்டு. நாய், ஓநாய், கொயோட்டி ஆகியவற்றின் குட்டிகள் விளையாடுவதை 1970களில் ஒப்பிட்டு ஆராய்ந்த மார்க் பெக்காஃப் போன்றோர் காட்டியது, விளையாட்டு என்பதே கடி, துரத்தல், பதுங்கல், ஏறுதல் என்று வளர்ந்த விலங்கின் வெவ்வேறு தேவைகளுக்கு உரிய அசைவுகள் அவற்றின் தேவையிலிருந்து கழன்று கலந்து கிடக்கும் ஓர் இடம் என்பதைத்தான். முன்னங்கால்களை நீட்டி மார்பைத் தரையோடு தாழ்த்திப் பின்புறத்தை உயர்த்தும் ‘விளையாட்டு வணக்கம்’, இனி வரும் கடி கடியல்ல என்று எதிராளிக்கு அறிவிக்கிறது. கடி கடியல்ல என்றால் அங்கே நிகழும் ஏறுதலும் புணர்ச்சியல்ல. ஆண் நாய்க்குப் பருவம் வருவது பொதுவாக ஆறு முதல் ஒன்பது மாதத்தில், சிறிய இனங்களுக்குச் சற்று முன்னும் பெரிய இனங்களுக்குப் பின்னும். ஏறுதல் அதற்குப் பல மாதங்கள் முன்பே தொடங்கிவிடுகிறது.

உடலின் பங்கே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. கருவிலும் பிறப்பையொட்டிய நாட்களிலும் சுரக்கும் ஆண் ஹார்மோன் மூளையின் சில பாதைகளை ஆண்தன்மைக்கு ஏற்பச் செதுக்கிவிடுகிறது என்பதையும், பருவத்தில் அதே ஹார்மோன் மீண்டும் பெருகும்போது அப்பாதைகள் இயங்கத் தொடங்குகின்றன என்பதையும் 1959இல் கினிப் பன்றிகளில் நடந்த புகழ்பெற்ற ஆய்வு முதலாகப் பல பாலூட்டிகளில் கண்டிருக்கிறார்கள். கடுவன் குட்டிகள் பெட்டைகளைவிட அதிகமாக ஏறுவதற்கு இந்த முன்செதுக்கல் காரணம். பருவம் எட்டிய கடுவன் பக்கத்துத் தெருவில் பருவத்துக்கு வந்த பெட்டையின் வாடையை நுகர்ந்து உணவை மறந்து கதவைப் பிறாண்டும்போது அங்கே நிகழ்வது சந்தேகமின்றிக் காமமே. ஆனால் வாடையும் இல்லை, பெட்டையும் இல்லை, அழைப்பு மணி மட்டும் ஒலித்திருக்கிறது என்ற நிலையில் நான்கு மாதக் குட்டி காலைப் பற்றுவதை அதே பெயரால் அழைப்பது பார்வையாளரின் அவசரம். இங்கே வீட்டாரைத் திகைக்க வைக்கும் உடற்கூற்றுச் செய்தி ஒன்று உண்டு. நாயின் குறியின் அடிப்பகுதியில் குமிழ் போன்ற திசு ஒன்று இருக்கிறது; கிளர்ச்சி எதுவாயினும் அதில் குருதி நிறைந்து, தோலுறைக்குள்ளேயே இருபுறமும் உருண்டையாகப் புடைக்கும். முதன்முறை பார்ப்பவர் கட்டி என்று அஞ்சிக் குட்டியைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுவதும், போய்ச் சேர்வதற்குள் அது வடிந்துவிடுவதும் வழக்கமாக நடப்பது. புடைப்பு சில நிமிடங்களில் அடங்கும். வெளிவந்த குறி உறைக்குள் திரும்பாமல் சிவந்து காய்ந்து நின்றால் மட்டுமே அது தாமதிக்கக் கூடாத மருத்துவ நெருக்கடி.

இரண்டாவது விளக்கமான அதிகாரத்தின் வரலாறு கூடுதல் கவனத்துக்கு உரியது, ஏனெனில் அது அறிவியலின் உடையில் வந்தது. சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குக் காட்சியகத்தில் அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களை உற்றுநோக்கிய ருடால்ஃப் ஷெங்கல், 1947இல் வெளியிட்ட ஆய்வில், அவை ஓயாமல் முதலிடத்துக்குப் போட்டியிடுவதாக எழுதினார். உறவில்லாத ஓநாய்களை ஒரே அடைப்பில் நெருக்கி வைத்தால் என்ன நடக்குமோ அதை அவர் சரியாகத்தான் கண்டார். அது காட்டு ஓநாய்க்கும், அங்கிருந்து வீட்டு நாய்க்கும், கடைசியில் நாய்க்கும் மனிதருக்கும் இடையிலான உறவுக்கும் நீட்டப்பட்டதுதான் பிழை. அமெரிக்க உயிரியலாளர் டேவிட் மெக் 1970இல் எழுதிய ‘ஓநாய்’ என்ற நூல் தலைமை ஓநாய் என்ற கருத்தை உலகெங்கும் கொண்டுசென்றது. கனடாவின் வடகோடியிலுள்ள எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களோடு பல கோடைகள் கழித்த அதே மெக், கூட்டம் என்று தாம் அழைத்தது பெரும்பாலும் ஒரு தாய், ஒரு தந்தை, அவற்றின் பிள்ளைகள் என்ற குடும்பமே என்றும், அங்கே தலைமை போட்டியிட்டுப் பெறப்படுவதில்லை, பெற்றோராவதால் வருகிறது என்றும் 1999இல் எழுதினார். தம் பழைய நூலை மேலும் அச்சிட வேண்டாமென்று பதிப்பகத்தைக் கேட்டும் கொண்டார். தன் புகழுக்குக் காரணமான நூலைத் தானே நிறுத்தச் சொல்லும் ஆய்வாளர்கள் எந்தத் துறையிலும் அரிது. நாய்ப் பயிற்சிக் களத்தில் பலர் இன்னும் 1970ஆம் ஆண்டிலேயே நிற்கிறார்கள். ‘குட்டி உங்களைவிடத் தன்னைப் பெரியவனாக நினைக்கிறது, புரட்டிப்போட்டு அமுக்குங்கள்’ என்ற அறிவுரை சென்னையிலும் கோவையிலும் கட்டணத்துக்குக் கிடைக்கிறது. அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் மருத்துவர்களின் சங்கம் 2008இல் இத்தகைய அதிகாரக் கோட்பாட்டைப் பயிற்சிக்கு அடிப்படையாக்குவதை எதிர்த்து நிலைப்பாட்டு அறிக்கையே வெளியிட்டது.

காமமும் அதிகாரமும் விலகிய பின் எஞ்சுவது எளிமையான, அதனாலேயே கவனிக்கப்படாத ஒன்று: தாங்கமுடியாத கிளர்ச்சி. இங்கே கிளர்ச்சி என்பது பாலுணர்வைக் குறிப்பதில்லை; மகிழ்ச்சி, அச்சம், ஆவல், களைப்பு எதுவாயினும் உடல் முழுவதும் முடுக்கிவிடப்பட்ட நிலையையே குறிக்கிறது. 1940இல் டச்சுக்காரர்களான நிக்கோ டின்பெர்கனும், நீர்க்காகங்களை ஆராய்ந்த அட்ரியான் கோர்ட்லண்டும் தனித்தனியே விவரித்த ‘இடம்மாறிய செயல்’ என்ற கருத்து இதற்கு வழிகாட்டுகிறது. டின்பெர்கன் கண்டது முள்முதுகு மீன் ஒன்றை. தன் எல்லைக்கோட்டில் இன்னொரு ஆணைச் சந்திக்கும் ஆண் மீனுக்குத் தாக்கவும் வேண்டியிருக்கிறது, தப்பி ஓடவும் வேண்டியிருக்கிறது. இரண்டும் சமவலிமையில் இழுக்க, அது இரண்டையும் செய்யாமல் தலைகீழாக நின்று, கூடு கட்டுவதற்குச் செய்வதுபோல மணலைத் தோண்டத் தொடங்கும். அந்த நேரத்தில் அங்கே கூடு கட்டும் வேலையே இல்லை. தடைபட்ட ஊக்கம் நிரம்பி வேறு வாய்க்காலில் வழிகிறது என்ற அன்றைய விளக்கத்தைப் பின்வந்தோர் அப்படியே ஏற்கவில்லை. முரண்பட்ட தூண்டல்களுக்கு நடுவே தொடர்பற்ற ஒரு செயல் தலைகாட்டும் என்ற நிகழ்வை மட்டும் ஏற்றனர். இதே கருத்தைப் பயன்படுத்தித்தான் நடத்தையியலாளர் பலர் வீட்டுக் குட்டியின் ஏறுதலை விளக்குகிறார்கள். புதிதாக வந்தவரை மோந்து பார்க்க வேண்டும், அவர்மீது தாவ வேண்டும், ஆனால் தாவினால் அதட்டு விழும், அவருடைய செருப்பின் வாடை அச்சமூட்டுகிறது, அம்மா கதவருகே வேகமாக நடக்கிறார், எல்லோரும் உரக்கப் பேசுகிறார்கள். இத்தனையும் ஒரே நேரத்தில் மோதும்போது குட்டியின் உடல் தன்னிடம் ஆயத்தமாக உள்ள ஓர் அசைவைக் கையிலெடுக்கிறது.

இதை நம்ப விரும்பாதவர், ஒரு மாலையில் குட்டியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். ஏறுதல் திடீரென்று வருவதாகத்தான் வீட்டார் சொல்வார்கள். உண்மையில் அதற்கு முன்னுரை உண்டு. ஆறரை மணியளவில், பகல் முழுவதும் தூங்க விடாமல் குழந்தைகள் கொஞ்சிய குட்டி, பந்தை எடுத்துவந்து போட்டுவிட்டுப் பந்தைப் பார்க்காமல் அறையைச் சுற்றி ஓடும். காதுகள் பின்னோக்கிப் படியும், கண்ணின் வெண்மை ஓரத்தில் பிறைபோலத் தெரியும், வாய் மூடித் திறக்கும், நனையாத உடலை நனைந்ததுபோல் உதறும். கால்விரலைக் கடிக்கும், இழுத்துக்கொண்டால் சேலை முனையைக் கடிக்கும். பிறகு ஒரு கணம் அசைவற்று நிற்கும். அந்த நிற்றலுக்கு அடுத்ததுதான் காலைப் பற்றுவது. இந்த வரிசை முழுவதும் ஒன்றிரண்டு நிமிடங்களில் முடிந்துவிடும். பாலைப் பொங்கவிட்டு அடுப்பைத் துடைப்பவர்களுக்கும் பொங்குமுன் தீயைக் குறைப்பவர்களுக்கும் உள்ள வேறுபாடே இந்த நிமிடங்களைக் கண்டவருக்கும் காணாதவருக்கும் உள்ள வேறுபாடு. நாய்க்குட்டி ஒரு நாளில் பதினெட்டு முதல் இருபது மணிநேரம் உறங்கக் கூடியது. உறக்கம் பறிக்கப்பட்ட குட்டி சோர்ந்து படுப்பதில்லை, வெறிகொண்டு ஆடுகிறது. கைக்குழந்தை வளர்த்த பாட்டிகளுக்கு இது புதிய செய்தியல்ல, நாய் வளர்க்கும் பேரன்களுக்குத்தான் புதிது.

ஏறுதல் நிகழ்ந்த பின் வீடு செய்வதைக் கவனித்தால் சிக்கலின் பெரும்பாதி குட்டிக்கு வெளியே இருப்பது தெரியும். கல்லூரி படிக்கும் மகன் சிரிக்கிறான், கைப்பேசியை எடுக்கிறான். தந்தை ‘நோ, நோ’ என்று கத்துகிறார். தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ‘இதைக் கூட்டிட்டு உள்ள போ’ என்கிறார். விருந்தாளி காலை உதறுகிறார், கையால் தள்ளுகிறார், தள்ளும் கையை விளையாட்டென்று குட்டி மீண்டும் பற்றுகிறது. இத்தனை குரல்களும் முகங்களும் கைகளும் குட்டியை நோக்கித் திரும்புவது அந்த நாளில் வேறு எதற்கும் நிகழாதது. ஒரு செயலைத் தொடர்ந்து வரும் விளைவு அச்செயலை மேலும் அடிக்கடி நிகழச் செய்தால் அவ்விளைவுக்கு ‘வலுவூட்டி’ என்று பெயர் தந்தார் உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர், கொடுப்பவர் அதைப் பரிசு என்று கருதினாரா தண்டனை என்று கருதினாரா என்பது கணக்கில் வராது. குட்டிக்குக் கவனமே வலுவூட்டி, வசவும் கவனத்தின் ஒரு வகை. இதில் மோசமானது, ஒருநாள் சிரிப்பதும் ஒருநாள் அடிப்பதும் ஒருநாள் பாராமலிருப்பதுமான வீடு; ஏனெனில் சில நேரம் மட்டும் பலன் தரும் செயல், எப்போதும் பலன் தருவதைவிட நீண்டகாலம் கைவிடப்படாமல் நிற்கும் என்பதும் ஸ்கின்னரின் ஆய்வுகளில் உறுதியானது.

அடிப்பது வேலைசெய்யாது என்று சொன்னால் கேட்பவர்களில் பாதிப்பேர், ‘அடித்தால் நிறுத்திவிடுகிறதே’ என்பார்கள். நிறுத்துகிறது, கிளர்ச்சி அச்சமாக மாறியிருக்கிறது என்பதே அதன் பொருள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மெகன் ஹெரனும் உடனாய்வாளர்களும் நாய் வளர்ப்போரிடம் கேட்டறிந்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், அடித்தல், உதைத்தல், முறைத்துப் பார்த்தல், புரட்டிப்போட்டு அமுக்குதல் ஆகிய ஒவ்வொன்றும் அதற்கு உள்ளான நாய்களில் குறைந்தது நான்கில் ஒரு பங்கை எதிர்த்துக் கடிக்கவோ உறுமவோ தூண்டியிருந்தது. விருந்தாளியின் முன் ஏற்பட்ட சங்கடத்தைத் துடைக்க ஓங்கிய கை, விருந்தாளி என்றாலே ஏதோ நேரப்போகிறது என்று குட்டிக்குக் கற்பிக்கிறது. காலைக் கட்டிக்கொள்ளும் நாயைவிட, வருபவரைக் கண்டு உறுமும் நாய் எந்த வீட்டுக்கும் பெரிய சங்கடம்.

அடிவாங்கிய குட்டி காதை மடித்து, வாலைச் சுருட்டி, பார்வையைத் தாழ்த்தி மூலையில் ஒண்டும்போது ‘தப்பு என்று அதற்கே தெரிந்திருக்கிறது’ என்று வீடு அமைதியடைகிறது. நாய்க்கு வெட்கம் போன்ற ஒன்று உண்டென்று சார்லஸ் டார்வினே நம்பினார். நாய்களின் அறிதிறனை ஆராயும் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட எளிய சோதனை இந்த நம்பிக்கையின் ஒரு பகுதியையாவது அசைத்தது: தின்பண்டத்தைத் தொடாதே என்று நாயிடம் சொல்லிவிட்டு உரிமையாளர் வெளியேற, சில வேளைகளில் நாய் தின்றதாகவும் சில வேளைகளில் தின்னவில்லை என்றும் அவரிடம் உண்மைக்கு மாறாகவும் சொல்லப்பட்டது. குற்றமுள்ள முகம் என்று நாம் அழைப்பது, நாய் உண்மையில் தின்றதைப் பொறுத்து வரவில்லை, உரிமையாளர் திட்டியதைப் பொறுத்தே வந்தது. தின்னாமலே திட்டு வாங்கிய நாய்களிடம் அது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. மூலையில் ஒண்டும் குட்டி காட்டுவது சமாதானக் குறி, எதிரே நிற்பவரின் கோபத்தைத் தணிக்கும் முயற்சி.

வெட்கம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை ஓர் அடிக்குறிப்பில் தொட்டுச் சென்றவர் சிக்மண்ட் ஃபிராய்ட். 1930இல் வெளியான, நாகரிகத்தின் நிறைவின்மை பற்றிய நூலில், மனிதனின் மிக விசுவாசமான தோழனான நாயின் பெயர் ஏன் வசவாகிறது என்று கேட்டு, அது கழிவின் வாடையை அருவருக்காததும் தன் பாலியல் செயல்களுக்கு நாணாததுமே காரணம் என்று அவர் விடை சொன்னார். அந்த அடிக்குறிப்பு தமிழருக்காக எழுதப்பட்டதுபோலவே படும். உடலில் தைத்த வேலோடும் எறிந்தவனைக் கண்டு வாலாட்டும் நாயை நட்புக்கு இலக்கணமாக்கியது நாலடியார். தன்னைத் தாழ்த்திக்கொள்ளும் உச்சத்தில் மாணிக்கவாசகர் தேர்ந்த சொல் நாயேன். மார்கழி மாதத்து நாய் என்பது ஆணை நோக்கி வீசப்படும் வசை. நன்றிக்கும் நாணமின்மைக்கும் ஒரே விலங்கு சான்றாக நிற்கும் மரபில் வளர்ந்தவரின் கூடத்தில், நன்றிக்காக வளர்க்கப்பட்ட குட்டி மற்றதை விருந்தாளியின் காலில் நிகழ்த்திக் காட்டும்போது எழும் கூச்சத்துக்கு வயது அதிகம். அதைக் குட்டியின் தலையில் கட்டுவது மட்டும் நியாயமில்லை. நடைமுறையில் பார்த்தாலும், இந்தச் சிக்கலைச் சரியாகக் கையாளும் வீடுகள் முதலில் செய்வது தங்கள் கூச்சத்தைக் குறைத்துக்கொள்வதுதான். முகம் சிவக்காதவருக்கே கை பதறாது.

கை பதறாதவர் செய்ய வேண்டியது குறைவு. குட்டிக்கு உடற்பட்டையோடு ஒரு முழ நீளத்தில் இலகுவான கயிறு வீட்டுக்குள்ளும் கட்டப்பட்டிருந்தால், உடலைத் தொடாமல், பேசாமல், முகம் பாராமல் அதை விலக்கமுடியும். தள்ளுவதும் தூக்குவதும் விளையாட்டாகிவிடுகிற இடத்தில் கயிறு விளையாட்டாவதில்லை. ஆளில்லாத நேரத்தில் அது எங்காவது மாட்டி இறுக்கும் என்பதால் பார்வையிலிருக்கும்போது மட்டுமே கயிறு. விலக்கிய குட்டியை ஒரு நிமிடத்துக்கு மேற்படாமல் தடுப்புக்கு அப்பால் விட்டு, அடங்கியதும் ஒன்றும் நடவாததுபோல் திரும்ப அழைக்க வேண்டும். பத்து நிமிடம் அடைத்துவைத்தால் எதற்காக அடைபட்டோம் என்பது குட்டிக்கு மறந்துபோகும், அடைபட்டது மட்டும் நினைவிருக்கும். இதைவிடப் பயனுள்ளது, ஏறுதலோடு ஒரே நேரத்தில் செய்யமுடியாத வேறொரு செயலுக்குக் கூலி கொடுப்பது. பாயில் படுத்திருக்கும் குட்டியால் காலில் ஏற முடியாது. அழைப்பு மணி ஒலித்தால் பாய்க்குப் போவது என்பதை, விருந்தாளியே இல்லாத வேளைகளில் வீட்டார் தாங்களே மணியை அடித்து, வேகவைத்த கோழித் துணுக்குகளைப் பாயில் போட்டு, சலிக்காமல் பழக்கினால் சில வாரங்களில் மணியொலியின் பொருள் மாறிவிடுகிறது. முதல் நாட்களில் ஏறுதல் கூடினாலும் கலங்க வேண்டியதில்லை: வழக்கமாகக் கிடைத்த கவனம் நின்றதும், குட்டி பழைய செயலை இன்னும் உரக்கச் செய்து பார்க்கும், இந்த நேரத்தில் ‘பாவம்’ என்று ஒருவர் பேசிவிட்டால் உரக்கச் செய்வதே விதியென்று கற்றுக்கொள்ளும். பெரும்பாலான வீடுகளில் அந்த ஒருவர் தாத்தா.

மற்ற நாய்கள்மீது ஏறுவதைத் தனியாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் அங்கே இன்னோர் உயிரின் பொறுமை பணயமாகிறது. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக்கூடாதென்று இந்திய அரசின் 2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் கூறினாலும், ஐந்து வாரத்திலேயே தாயிடமிருந்து பிரித்துக் கூடையில் வைத்து விற்பது நின்றபாடில்லை. மூன்று முதல் பன்னிரண்டு வாரம் வரையிலான காலமே நாய் பிற நாய்களோடும் மனிதரோடும் உறவாடக் கற்கும் காலம் என்பதை நடத்தை ஆய்வாளர்களான ஸ்காட், ஃபுல்லர் இருவரின் 1965ஆம் ஆண்டு நூல் நிறுவியது. கடி மிகுந்தால் உடன்பிறப்பு கத்திவிட்டு ஆட்டத்தை விட்டு விலகும், ஏறுதல் மிகுந்தால் தாய் ஒரு சிறு உறுமலால் நிறுத்தும் என்ற பாடங்களைப் பெறாமல் வந்த குட்டி பூங்காவில் எதிர்ப்படும் ஒவ்வொரு நாயின் முதுகையும் விளையாட்டுத் திடலாக்குகிறது. அங்கே உரிமையாளர்கள் குழம்பும் கேள்வி, இது இருவரும் விரும்பும் ஆட்டமா, ஒருவரின் தொல்லையா என்பது. ஏறும் குட்டியைச் சற்றுநேரம் பிடித்துவைத்தால் விடை கிடைத்துவிடும்: மற்ற நாய் திரும்பி வந்து வம்பிழுத்தால் ஆட்டம், வாலைத் தாழ்த்தி விலகிப் போனால் தொல்லை.

எல்லா அறிவுரைக்கும் மேலாக ஒருவர் சொல்வது, ‘ஆபரேஷன் செய்துவிட்டால் அடங்கிவிடும்’. இந்த நம்பிக்கையின் வேர் மாட்டுக்கொட்டகையில் இருக்கிறது. காயடித்த காளை ஏருக்கும் வண்டிக்கும் பணிந்ததைத் தலைமுறைகளாகக் கண்ட சமூகம் நாயிடமும் அதையே எதிர்பார்க்கிறது. டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் நீல்சன், எக்ஸ்டீன், ஹார்ட் மூவரும் 57 ஆண் நாய்களைக் கொண்டு 1997இல் வெளியிட்ட ஆய்வின்படி, விரை நீக்கத்துக்குப் பின் ஏறுதல், சிறுநீரால் எல்லை குறித்தல், ஊர்சுற்றல் ஆகியவை பாதிக்குப் பாதியாவது குறைந்தது சுமார் அறுபது சதவீத நாய்களில். ஏறத்தாழ முற்றிலும் நின்றது நான்கில் ஒரு பங்கு முதல் நூற்றுக்கு நாற்பது வரையிலான நாய்களில் மட்டுமே. ஹார்மோன் போனாலும் கற்ற பழக்கமும் பிறவிக்கு முன்னமே செதுக்கப்பட்ட பாதையும் போவதில்லை என்பதால் இதில் வியப்பில்லை. ஐந்து மாதக் குட்டி மாலைக் களைப்பில் ஏறுவதற்கு மருந்தாக அறுவையை நாடுவதில் வேறொரு சிக்கலும் உண்டு. விரைச் சுரப்புகள் எலும்பின் வளர்ச்சி முற்றுப்பெறுவதிலும் பங்கேற்கின்றன. கோல்டன் ரிட்ரீவர்களை ஆராய்ந்து பெஞ்சமின் ஹார்ட் குழுவினர் 2013இல் வெளியிட்ட முடிவில், ஒரு வயதுக்கு முன் அறுவை செய்யப்பட்ட ஆண் நாய்களில் இடுப்பு மூட்டுக் கோளாறு அறுவை செய்யாதவற்றைப்போல் இருமடங்காகக் காணப்பட்டது. எல்லா இனங்களுக்கும் இது பொருந்தாது, சிறிய இனங்களில் பெரிதும் பொருந்தாது. எனவே வயதும் இனமும் உடல் எடையும் தெரிந்த கால்நடை மருத்துவரே நாள் குறிக்க வேண்டும். ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் டெஸ்லோரெலின் என்ற மருந்தைத் தோலுக்கடியில் பதித்துச் சில மாதங்களுக்கு மட்டும் ஹார்மோனை அடக்கி, அறுவையால் பயன் கிட்டுமா என்று முன்னோட்டம் பார்க்கிறார்கள். சென்னையில் புளூ கிராஸ் என்ற விலங்குநல அமைப்பு 1964இலேயே தொடங்கி, மாநகராட்சி 1996இல் ஏற்றுக்கொண்ட தெருநாய்க் கருத்தடைத் திட்டம் வேறு நோக்கம் கொண்டது. பெருக்கத்தைக் கட்டுப்படுத்த அறுவை தேவைப்படுவதும், கூடத்தில் நல்லொழுக்கம் கற்பிக்க அதை எதிர்பார்ப்பதும் ஒன்றல்ல.

அறுவைக்கு முன் உடலை ஒருமுறை பார்த்துவிடுவது முறை. ஒரே குட்டி நாளெல்லாம், கிளர்ச்சி ஏதுமின்றி, தரையிலும் சுவரோரத்திலும் தேய்த்துக்கொண்டு ஏறுதல் போன்ற அசைவைச் செய்தால், சிறுநீர்த் தொற்றோ, தோலுறையின் அழற்சியோ, ஒவ்வாமையால் வந்த அரிப்போ இருக்கக்கூடும். அடிக்கடி சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் கழிப்பதும் குறியை ஓயாமல் நக்குவதும் உடன்வரும் குறிகள். மஞ்சள் கலந்த சிறிதளவு கசிவு ஆண் நாய்களின் தோலுறையில் இயல்பாகவே காணப்படுவது; துர்நாற்றமோ குருதியோ சேர்ந்தால்தான் கவலை. சங்கடத்தால் இவற்றை மருத்துவரிடம் சொல்லாமல் விடுகிறவர்கள் உண்டு. தடுப்பூசிக்காக வரிசையில் நிற்கும்போது பக்கத்தில் நிற்பவர் காதில் விழுமே என்று தயங்கி, ‘கொஞ்சம் முரடாக இருக்கிறது’ என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்புகிறார்கள். மருத்துவரும் முரட்டுத்தனத்துக்குரிய அறிவுரையைக் கொடுத்தனுப்புகிறார்.

ஏறப்படுகிறவர் யார் என்பதையும் வீடுகள் எண்ணிப் பார்ப்பதில்லை. குட்டி தேர்வது பெரும்பாலும் விரைவாக நகர்ந்து கீச்சிடும் குழந்தையை, எழுந்து விலக முடியாமல் நாற்காலியில் அமர்ந்திருக்கும் முதியவரை, குனிந்து தரை துடைக்கும் பணிப்பெண்ணை. குடும்பத்தலைவரின் காலில் ஏறினால் சிக்கல். பணிப்பெண்ணின் முதுகில் ஏறினால் வேடிக்கை என்று சிரிக்கும் வீடுகளில், அந்தப் பெண் விளக்குமாற்றால் ஒரு தட்டுத் தட்டினால் குற்றம். அவர் வேலை செய்யும் நேரம் குட்டி தடுப்புக்கு அப்பால் ஒரு மெல்லும் எலும்போடு இருக்கட்டும் என்று ஏற்பாடு செய்வது கடினமல்ல, எவரும் கேட்டுக்கொள்ளாததால் செய்யப்படுவதில்லை.

தூக்கமும் நடையும் மோந்து திரியும் நேரமும் ஒழுங்காகக் கிடைத்து, ஏறுதலுக்குப் பார்வையாளர் இல்லாமலும் போய்விட்டால், ஒன்றரை இரண்டு வயதில் நாய் முதிரும்போது பெரும்பாலான கடுவன்களிடம் இது தானே அருகிவிடுகிறது. சிலவற்றிடம் ஒரு மிச்சம் நிற்கும்: நாளுக்கொரு முறை, இரவு உணவுக்குப் பின், பழைய தலையணை ஒன்றோடு. எவருடைய உடலும் அதில் இல்லை, நாய்க்கும் புண் ஏதுமில்லை, கூப்பிட்டால் விட்டுவிட்டு வருகிறது என்றால் அதை நிறுத்துவதற்கு மருத்துவக் காரணமோ பயிற்சிக் காரணமோ கிடையாது. தலையணையைக் கூடத்திலிருந்து பின்னறைக்கு மாற்றிவிடலாம். உறையை வாரம் ஒருமுறை துவைத்தால் போதும்.